பிரிக்காத கட்டு

யசோதரா புருஷனின் சட்டைப் பையில் கைவிட்டு, பீடிக்கட்டை எடுத்து டாக்டரின் மேசைமேல் போட்டாள். புளியந்தோப்பு பள்ளிக்கூடத்தில் அன்று புகைப்பழக்கத்தை விடுவதற்கான இலவச முகாம்.

"இத்தப் பாருங்க சார். வூட்ல புடிக்கிறதில்ல, எல்லாம் திருட்டுத்தனம். எண்ணூர்ல கரி மூட்ட கட்டுற ஷெட்ல வேல. அந்தக் கரித்தூசி வாடையில பீடி வாட எங்க தெரியப்போவுது? ராவெல்லாம் இருமல். இன்னிக்கு இத்த வுடலன்னா, புள்ளையத் தூக்கிகினு எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன்."

பீம்ராவ் எடை போட்டு ஓரமாக வைத்த மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

டாக்டர் இளவயது, இடுப்பில் பேஜர். "எப்பப்பா பீடி ஞாபகம் ரொம்ப வரும்?"

"ஷெட்டுக்குள்ள போனதும் சார்."

"அன்னிக்குன்னு பார்த்து பீடி இல்லன்னா?"

"மூச்சு முட்டும். தல சுத்தும்."

"இருந்தா?"

"கொஞ்ச நேரம் நல்லாக் கீது. அப்பால மறுபடி முட்டும்."

கேட்ட விலைக்கே பேரம் படிந்த வியாபாரி மாதிரி டாக்டரின் முகம் மலர்ந்தது. "புத்தகத்துல போட்டிருக்கிறத அப்படியே ஒப்பிக்கிறாரும்மா" என்றார். ஏலக்காய் மெல்லணும், தண்ணீர் குடிக்கணும், கையைச் சும்மா வைத்திருக்கக் கூடாது என்று வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். பீம்ராவ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

"சரி, தீப்பெட்டியையும் எடு. சேத்தே தூக்கிப் போட்டுடலாம்."

"தீப்பெட்டி வெச்சிக்கிறதில்ல சார்."

"ஓசி நெருப்பா?" டாக்டர் சிரித்தபடி கட்டைக் குப்பைக்கூடையில் எறிந்தார். யசோதராவுக்கு அப்பாடா என்றிருந்தது.

பீம்ராவ் எழுந்தான். குனிந்து கூடைக்குள் கைவிட்டுக் கட்டை எடுத்து, தூசியை ஊதினான்.

"யோவ், என் எதிர்லயே பொறுக்கறியா? நானும் புள்ளையும் வோணாம், அதான் வோணுமா உனக்கு?"

அவன் கையிலிருந்து பிடுங்கியவள் அப்படியே நின்றாள். மேல்தாள் வியர்வையில் ஊறி, காய்ந்து, பழுப்பேறிக் கிடந்தது. சுற்றிய நூலை யாரும் அவிழ்த்ததாகவே தெரியவில்லை.

"இன்னாய்யா இது? ஒண்ணுகூட பத்த வெக்கலியா நீ?"

பீம்ராவ் கட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

"பீடி புடிக்கப் போறேன்னு இத்தக் காட்டினாத்தான் யசோ, மேஸ்திரி வெளிய போய் காத்து வாங்க வுடுறான்."