ஐந்தாவது புள்ளி

ஆறு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தான். அடுப்பைப் பற்றவைக்கவில்லை.

முன்பெல்லாம் மூன்று மாதத்துக்கு ஒரு நாள்தான் இப்படி. மனைவி இறந்த இந்தப் பதினொரு நாளாகத் தினமும். எட்டரை மணிவரை வயிறு எதையும் கேட்பதில்லை.

அவளுக்கு எலும்பு மஜ்ஜையில் புற்றுநோய். எலும்பை அது எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்பதை ரத்தத்தில் ஓர் எண்ணாகக் காட்டுவார்கள். காலையில், வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். ஏதாவது சாப்பிட்டால் எண் பொய்யாக இறங்கிவிடும் என்று ரத்தம் எடுக்கும் பெண் ஒவ்வொரு முறையும் ஒப்பிப்பாள்.

அவள் பட்டினி கிடக்கும்போது தான் மட்டும் காபி குடிப்பதாவது என்று அவனும் கிடந்தான். இவருக்கும் சேர்த்து ஒரு குத்து குத்துங்கள் என்பாள் அவள், ரத்தம் எடுக்கும் பெண்ணிடம்.

அவன் கட்டட வரைபடம் போடுகிறவன். எண்களைப் புள்ளி வைத்து, கோடு இழுத்து, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தான். மொத்தம் எட்டுப் புள்ளிகள். கோடு ஏறிக்கொண்டே போகும். ஐந்தாவதில் மட்டும் சட்டென்று இறங்கும்.

அன்றைக்கு டாக்டரே சிரித்தார். அவருக்கு அது வழக்கமில்லை. அவளுடைய அக்கா அந்த ரிப்போர்ட்டை நகலெடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். கேட்டவர்கள், கேட்காதவர்கள் எல்லோரிடமும் காட்டினாள்.

ஆறாவது புள்ளி பழையபடி மேலே.

எட்டு மணிக்கு அக்கா வந்தாள். ஃபிரிட்ஜ் முன்னால் நின்று ஐந்தாவது புள்ளியை விரலால் தடவினாள்.

“இந்த ஒரு தடவையாவது அவ உடம்பு சொன்ன பேச்சு கேட்டுச்சே தம்பி. அத நெனச்சுத்தான் மனசத் தேத்திக்கிறேன். கடைசியா என்னப்பா சொன்னா?”

ஏழாவது முறையாகக் கேட்கிறாள். உங்களைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்று ஏழாவது முறையாகச் சொன்னான்.

அக்கா கைப்பையைத் திறந்து, மடிப்பில் நைந்துபோன அந்தத் தாளைப் பார்த்துவிட்டு மூடினாள்.

எட்டரைக்குக் காபி போட்டான். அக்காவுக்கு பிஸ்கட் வைத்தான். அவன் தொடவில்லை.

கடைசி நாளன்று ஆஸ்பத்திரியில் மனைவி கண்ணைத் திறந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். அக்கா இல்லை என்று தெரிந்துகொண்டு சொன்னாள்:

“அந்த அஞ்சாவது தடவ, நீ குளிக்கப் போனப்போ ரெண்டு பிஸ்கட் தின்னுட்டேன். பசியெல்லாம் இல்ல. அக்காகிட்ட சொல்லிடாத.”