பத்து மைல் பலகை

"அந்தப் பலகையைப் பிடுங்கு வீரகத்தி. இண்டையில இருந்து கோச்சி நாற்பது மைலில ஓடும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

தண்டவாள வேலைக்காரனான வீரகத்திக்குக் கை ஓடவில்லை.

ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளம் மண்மேட்டை அரித்தபோது நட்ட பலகை அது; மணிக்குப் பத்து மைலுக்கு மேல் ஓடக்கூடாது என்பது அதன் கட்டளை. அதைக் கண்டால் யாழ்ப்பாணம் போகிற ரயில் அடங்கி ஊர்ந்துதான் போகும். மேய்கிற மாடுகூட அதற்கு நிமிர்ந்து பார்க்காது.

திருத்தி வேகத்தைக் கூட்டப் போகிறோம் என்று மூன்று முறை நாள் குறித்தார்கள். மூன்று முறையும் தள்ளிப்போட்டார்கள். அந்தத் தைரியத்தில் காட்டோரத்துச் சனம் இந்த இடத்தையே தங்கள் ஸ்டேஷன் ஆக்கிக்கொண்டது. மாங்குளத்தில் இறங்கினால் யானைக் காட்டுக்குள்ளால் ஆறு மைல் நடக்க வேண்டும்.

வீரகத்தியின் மனைவி கமலாசனியும் இங்கேதான் இறங்குவாள். அவளுக்குக் கண் மங்கல். ஆளின் முகம் தெரியாது, சட்டையின் நிறம்தான் தெரியும். தண்டவாளத்தோரத்து வீரை மரத்தடியில் அவனுடைய காக்கிச் சட்டையைக் கண்டால் கண்ணை இறுக மூடிக்கொண்டு காலை வெளியே வைப்பாள். அப்படிப் பழக்கியவன் அவன்தான்.

"கோச்சியைப் பாராதை, என்னைப் பார். நான் நிண்டால் பயமில்லை."

காலையில் கண் மருந்துக்கென்று வவுனியா போயிருக்கிறாள். பின்னேர ரயிலில் வருவாள். நாள் குறித்தாலும் இந்த வருடமும் வேகத்தைக் கூட்டமாட்டார்கள் என்று சொல்லி அனுப்பியதும் அவன்தான்.

இன்ஸ்பெக்டரிடம் சொல்லலாம். ஓடுகிற ரயிலிலிருந்து ஆள் இறக்குகிறவன் என்று தெரிந்தால் இன்றோடு வேலை போகும். பலகையைப் பிடுங்கித் தோளில் வைத்தான்.

பிறகுதான் யோசனை வந்தது. அவன் நிற்காவிட்டால் அவள் இறங்கமாட்டாள். இவ்வளவுதானே! மற்றவர்களுக்குக் கண் தெரியும், ரயிலின் ஓட்டத்தைப் பார்த்துப் பேசாமல் இருந்துவிடுவார்கள். கமலாசனி மாங்குளத்தில் இறங்கட்டும், சைக்கிளில் போய் ஏற்றி வரலாம். வழி முழுக்கத் திட்டுவாள். திட்டட்டும்.

தண்டவாளத்தைக் கடந்து, மறுபக்கத்துப் பாலை மரத்தின் பின்னால் போய் மறைந்து நின்றான். நிழலுக்கு வந்த இன்ஸ்பெக்டர் கடிகாரத்தை வெளியே எடுத்தார்.

தெற்கே விசில் கேட்டது.

மற்ற நாளென்றால் விசில் கேட்ட பிறகு ஆறுதலாக ஒரு வெற்றிலை போடலாம். இன்று விசில் அடங்குமுன்பே காலடியில் நிலம் அதிர்ந்தது.

அப்போது எதிர்ப்பக்கத்தில் பற்றையை விலக்கிக்கொண்டு ஏரம்பு வந்தான். அடுத்த காணிக்காரன், கேட்காமலே உதவுகிறவன். வீரகத்தியைக் காணாததால், கமலாசனி அக்காவின் பையையாவது வாங்குவோம் என்று வந்திருக்க வேண்டும். நேரே வீரை மரத்தடிக்குப் போய், வீரகத்தி நிற்கிறது போலவே நின்று கையைத் தூக்கினான்.

வீரகத்தி ஓடினான், கத்தினான். பக்கத்தில் நின்ற இன்ஸ்பெக்டருக்கே அது கேட்கவில்லை. எஞ்சின் இரண்டு மரங்களுக்கும் நடுவே புகுந்துவிட்டது.

ஏரம்பு போட்டிருந்தது, போன பொங்கலுக்கு வீரகத்தி கொடுத்த பழைய காக்கிச் சட்டை.