பனிக்குப் பொறுப்பாளி

மலையில் பனி கொட்டியதால் கத்தானியா போகும் ரயில் பலேர்மோ நிலையத்திலேயே நின்றுவிட்டது. பயணிகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“பன்னிரண்டு மணிக்கு அங்கை பேரனுக்கு ஞானஸ்நானம். இதுக்கு ஆர் பொறுப்பு?” என்று கிளாரா கத்தினாள்.

“நான்தான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ,” என்றேன். நாற்பது வருடப் பழக்கம். இத்தாலிய மொழியிலும் சொன்னேன். அப்படியென்றால் வேறு வழி செய்யுங்கள் என்றார்கள் ஐம்பது பேரும்.

வாடகை பஸ் பிடித்து எல்லோரையும் ஏற்றினேன். நானும் ஏறப்போக, ஒரு இத்தாலிய அம்மா தடுத்தார்.

“நீங்களும் வந்தால் அடுத்த ரயில் சனத்துக்கு ஆர் பதில் சொல்லுறது?”

என் டிக்கெட்டை எடுப்பதற்குள் கதவு மூடிவிட்டது. பல்லாரோ சந்தையில் குளிருக்கு வாங்கிய செம்மஞ்சள் ஜாக்கெட், ரயில்வேக்காரர் போடுவது போலவே இருந்தது.

ஜன்னலால் கிளாரா கத்தினாள்: “இஞ்சாருங்கோ, எங்கடை பேரனுக்கு உங்கடை முத்தத்தையும் நானே குடுக்கிறன்!”