சுவீடன்காரி பாட்டு

தம்பி பவுல்ராஜ் கண் திறக்காமல் கிடக்கிறான். அவன் பெண்டாட்டி சிசிலியோ கட்டிலோரம் உட்கார்ந்து காலால் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறாள். வண்டிப்பெரியாரிலிருந்து பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த கத்தரீனாளுக்கு வயிறு எரிந்தது.

சிசிலியின் செல்போனில் ஒருத்தி இங்கிலீஷில் பாடிக்கொண்டிருந்தாள். கிதார் துள்ளு துள்ளென்று துள்ளியது. அர்த்தம் தெரியாவிட்டாலும் சிசிலி கூடவே முணுமுணுத்தாள்.

"என்னடி கூத்து இது?"

"பாட்டு, மதினி. சுவீடன்காரி பாடுனது. அவுக ஊரு பட்டிக்காட்டுப் பாட்டு மாதிரி இருக்கும், ஆனா ஆட்டமும் வரும். நான் சமைக்கப் போற ஹோம்ஸ்டேல ஒரு வெள்ளக்காரம்மா ஏத்திக் குடுத்துச்சு." உப்புச் சப்பில்லாமல் சொன்னாள்.

"எந்தம்பி ஜீப்புல இருந்து விழுந்து பேச்சு மூச்சில்லாமக் கெடக்கான். ஒனக்குப் பாட்டுக் கேக்குதாக்கும்?"

சிசிலி தாளத்தை நிறுத்தவில்லை. அழவும் இல்லை. உண்மையைச் சொன்னால் கத்தரீனாளுக்கும் அழுகை வரவில்லை. சேதி கேட்ட நேரத்திலிருந்தே உடம்பெல்லாம் மரத்துப்போயிருந்தது.

"அத நிப்பாட்டிட்டு மாதா பாட்டப் போடு."

"போட்டுப் பாத்தாச்சு மதினி. அசையல."

அதற்குள் நர்ஸ் ஜிஷா டிரிப்ஸ் மாற்ற வந்தாள். "அவங்களத் திட்டாதீங்க சேச்சி. வீட்டுல வழக்கமாக் கேக்குற சத்தம் எதையாச்சும் காதுல போடச் சொல்லி டாக்டர்தான் சொன்னாரு. எப்படியாச்சும் முழிக்கணும். நாளு போகப் போகக் கஷ்டம்."

கத்தரீனாள் அடங்கிப்போனாள். தம்பிக்குத் தேயிலை ஃபேக்டரியில் நைட் ஷிப்ட். பகலெல்லாம் அந்த ஒற்றை அறை லைன் வீட்டில்தான் கிடப்பான். புருஷனும் பெண்டாட்டியுமாக இதைக் கேட்டுத்தான் பொழுதைப் போக்கியிருக்கிறார்கள் போல. அட மாதாவே, அவசரப்பட்டு வாயை விட்டுவிட்டோமே என்று இருந்தது.

சிசிலி சத்தத்தைக் கூட்டினாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பி முறைத்தார்கள். அவள் யாரையும் சட்டை செய்யாமல் போனைப் புருஷன் காதோரம் வைத்துவிட்டு, அவன் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்தது. அதே பாட்டை மறுபடியும் போட்டாள். கத்தரீனாள் மெல்ல அவள் தோளில் கை வைத்தாள்.

"எந்தம்பிக்கு இந்தப் பாட்டுன்னா அம்புட்டு உசுரா, சிசிலி?"

சிசிலி தலையைத் திருப்பவில்லை.

"எனக்குத்தான் மதினி உசுரு. அவரு தூங்கயில இதப் போட்டா, ஏசிக்கிட்டே எந்திரிச்சு வருவாரு."