செஞ்சி ஏறிய கால்

புதன்கிழமை மாலை. நேரு வீதித் துணிக்கடையில் ஜரிகைமேல் விழும் விளக்கொளி கண்ணைக் கூசுகிறது. காலையிலிருந்து நின்றபடியே சேலை விரித்துக் காட்டும் லினெட், மேசைக்கு அடியில் வலது கெண்டைக்காலை இடது பாதத்தால் அழுத்திப் பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக்கோட்டை ஏறிய வலி அதில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. உச்சியில் முகத்தில் அடித்த காற்றும் அந்த வலியோடு வருகிறது. “கால் ரொம்ப வலிக்குதாடி?” என்கிறாள் பக்கத்தில் சேலை மடிக்கும் கார்குழலி. “கடையில நின்ன வலி அப்படியேதான் இருக்கு. ஏறுன வலிதான் நாளைக்குப் போயிடும்போல.” மூன்றாம் மாடிக் கிடங்கிலிருந்து பச்சைப் பட்டு எடுத்துவரச் சொல்லி முதலாளி குரல் கொடுக்கிறார். கார்குழலி லிஃப்டுக்கு நகர்கிறாள். “நீ இரு, நான் போறேன்,” என்று லினெட் படிக்கட்டுப் பக்கம் திரும்புகிறாள். முதல் படியிலேயே கெண்டைக்கால் சுருக்கென்று இழுக்கிறது. நல்லவேளை, ஏறிய வலி இன்னும் போகவில்லை.