பத்துக்கு ரெண்டு

நோயாளியின் வலியை ஒரு நிமிடம் தன் உடம்பில் வாங்கிப் பார்க்காமல் மருத்துவர் மருந்து எழுதக் கூடாதென்று சட்டம் வந்தபோது, டாக்டர் யாழினி கொஞ்சமும் அசரவில்லை. பிரசவ வலியையே நின்றபடி வாங்கியவள் அவள்.

ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று சேலை விரிக்கும் பேச்சியம்மாள் வந்தாள்.

“பத்துக்கு எவ்வளவும்மா வலி?”

“ரெண்டு போடுங்க டாக்டர். இடுப்பு லேசாத்தான் வலிக்குது.”

யாழினி சிரித்துக்கொண்டே இருவர் மணிக்கட்டிலும் வலி மாற்றும் பட்டையைக் கட்டிப் பொத்தானை அமுக்கினாள். மறுகணமே இடுப்பு ஒடிந்தவள்போல் தரையில் சரிந்தாள்.

“இதுவாம்மா ரெண்டு?”

பேச்சியம்மாள் இடுப்பை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்; துளி வலி இல்லை. கண் கலங்கிவிட்டது.

“நீங்கள்லாம் தெனமும் இப்படியா டாக்டர் இருக்கீங்க?”

“இனிமே நீங்களும் இப்படித்தான்,” என்றாள் யாழினி, தரையில் கிடந்தபடியே.