வாசலில் சிவப்பு

“அப்பான்ரை நெஞ்சு ஏன், அம்மா, ராஜலட்சுமி அன்ரி வீட்டு வாசல்லை இப்பிடித் துள்ளுது?”

மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள் ஷெறோன். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பெர்னடெற் கேத்தலை வைத்துவிட்டு வந்தாள்.

“எங்கை, காட்டு பாப்பம்.”

திரையில் லண்டன் பிளேஸ்டோவின் தெருக்கள் கிடந்தன. அவற்றின் மேல் ஆயிரக்கணக்கான புள்ளிகள். எல்லாம் அப்பா கஸ்பரின் கைக்கடிகாரம் பதிந்து வைத்தவை: போன இடம், போன நேரம், அங்கே இதயம் அடித்த வேகம். மெதுவாக அடித்த இடம் நீலம். வேகமாக அடித்த இடம் சிவப்பு.

அவர் இறந்து ஒரு வருடமாகிறது. நினைவு மலரின் நடுப்பக்கத்தில் அப்பாவின் நடையைப் படமாகப் போடவேண்டுமென்பது மகளின் ஆசை. கடல்நீரின் வெப்பத்தைப் படமாக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவளுக்கு இது பெரிய காரியமில்லை. அப்பாவின் கணக்கில் இருந்த அவ்வளவையும் அள்ளி எடுத்துக்கொண்டு, தான் இருக்கும் சட்டனிலிருந்து வந்திருந்தாள். குட்மேய்ஸ் அச்சகக்காரர் பின்னேரத்துக்குள் படத்தைக் கேட்டிருந்தார்.

“பாத்தியே மனுசனை! பேக்கரியிலை பாண் வாங்கப் போறன் எண்டெல்லோ சொல்லிப்போட்டுப் போறவர்,” என்றாள் பெர்னடெற். “ராஜலட்சுமிக்கு எழுபத்தஞ்சு வயசடி.”

“பாணும் பழசாத்தான் வாங்கிவாறவர்.”

இருவரும் சிரித்தார்கள். அந்த அடுப்படியில் சிரிப்புக் கேட்டுக் கன நாள்.

“பொறுங்கோ, பிழை என்னிலைதான்,” என்றாள் ஷெறோன். “இடங்களைத் தெருவாரியா அடுக்கினன். இதயத்துடிப்பை அதோடை சேத்து நகர்த்தேல்லை. நேரத்தையும் நகர்த்தேல்லை.”

“எனக்கு விளங்கிறமாதிரிச் சொல்லு.”

“கலியாணப் படத்திலை ஆக்களை உயரத்தின்படி மாத்தி நிக்க வைச்சிட்டு, கீழை எழுதின பேருகளை மாத்தாமல் விட்டா?”

“உன்ரை பெரியப்பா பொம்பிளை ஆகியிருப்பார்.”

“அதேதான். ஆள் நகர்ந்தா பேரும் கூட நகரவேணும். மூண்டையும் சேத்து அடுக்கிறன், இருங்கோ.”

கணினி யோசித்துக்கொண்டிருந்தது. பெர்னடெற் விரலால் திரையில் ஒரு தெருவைத் தொட்டாள்.

“இந்தப் பாலத்திலை நிண்டு றெயின் பாக்கிறவர். யாழ்தேவி வரப்போகுதெண்ட மாதிரி. இதிலை மீன்கடை. ஒவ்வொரு வெள்ளியும் சண்டை, ஒவ்வொரு சனியும் அங்கைதான் மீன்.”

“பிறகு வந்து கதவிலை இருக்கிற லெட்டர்பொக்ஸைத் தட்டுவார்.”

“வீட்டுத் திறப்புப் பொக்கற்றுக்கை கிடக்கும். பூட்டிலை போடமாட்டார். மூடியைத் தூக்கி, ‘கஸ்பர் வந்திருக்கிறார், வீட்டிலை ஆரும் இருக்கினமோ’ எண்டு கேப்பார். நான் கை ஈரத்தோடை ஓடிப்போய்த் திறக்கவேணும்.”

“திறக்காமல் விட்டிருக்கலாமே.”

“ஒருநாள் விட்டனான். அந்த ஓட்டைக்குள்ளாலை பாட்டு வந்திட்டுது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி வெளியிலை வந்து பாக்கிறாள்.”

பெர்னடெற் கண்ணைத் துடைத்தாள். சிரிப்பில் வந்ததா, வேறா என்று ஷெறோனுக்குத் தெரியவில்லை.

“அம்மா, திரும்பக் கேக்கிறன் எண்டு கோவிக்காதேங்கோ. என்னோடை சட்டனுக்கு வந்திடுங்கோ. அறை சும்மா கிடக்கு.”

“தொடங்கிட்டியா? எனக்கு இஞ்சை என்ன குறை? கோயில் கிட்ட. நித்திரை வருது. கல்லுமாதிரி இருக்கிறன்.”

“தனிய இருக்க ஒண்டும் செய்யேல்லையே?”

“ஒண்டும் செய்யேல்லை.”

“அப்ப ஏன் அடுப்படி இவ்வளவு வெக்கையா இருக்கேக்கை சுவெற்றரைக் கழட்டாமல் நிக்கிறியள்?”

“எனக்குக் குளிருது, விடு,” என்று சுவெற்றர்க் கையை மணிக்கட்டுக்குக் கீழே இழுத்துவிட்டாள் பெர்னடெற்.

திரை மாறியது. ராஜலட்சுமியின் வாசல் அமைதியான நீலமாகிவிட்டது. பாலமும் நீலம். மீன்கடை கொஞ்சம் மஞ்சள். ஒரேயொரு இடத்தில் மட்டும் புள்ளிமேல் புள்ளியாகச் சிவப்பு.

ஷெறோன் படத்தைப் பெரிதாக்கினாள்.

“அம்மா... இது எங்கடை வீட்டு வாசல்.”

பெர்னடெற் திரைக்குக் கிட்டக் குனிந்தாள்.

“பாத்தியளே? அவ்வளவு தெரு நடந்தும் துள்ளாத நெஞ்சு, நீங்கள் கதவு திறக்கப்போறியள் எண்டவுடனை துள்ளியிருக்கு.” அவள் தாயின் தோளில் சாய்ந்தாள். “சரி, தோத்துப்போனன். இனிச் சட்டனுக்கு வாங்கோ எண்டு வாய் திறக்கமாட்டன். இந்த வாசலை விட்டிட்டு நீங்கள் எப்பிடி வருவியள்?”

“ஓம்,” என்றாள் பெர்னடெற். பிறகு அவசரமாக, “ஆனா உந்தச் சிவப்பைப் புத்தகத்திலை போடாதை. எடுத்துவிடு.”

“ஏன், வெக்கமோ?”

“சனம் சிரிக்கும். எடு எண்டாக் கேளன்.”

“முதல்லை எந்த நாள் கூடத் துள்ளினதெண்டு பாப்பம்,” என்று குறும்பாகச் சொல்லிக்கொண்டே ஷெறோன் ஒரு சிவப்புப் புள்ளியில் சுட்டியின் அம்பை வைத்தாள். இப்போது நேரமும் இடத்தோடு ஒட்டிக்கொண்டு சரியாக வந்திருந்தது.

கார்த்திகை மாதம்.

அடுத்த புள்ளி, மார்கழி. அதற்கடுத்தது, போன ஞாயிறு, பூசை முடிந்து வருகிற நேரம்.

அப்பாவை அடக்கம் செய்தது போன வருடம் மாசியில்.

ஷெறோன் மெல்லத் திரும்பி, தாயின் சுவெற்றர்க் கையை மேலே தள்ளினாள். மெலிந்த மணிக்கட்டில், கடைசி ஓட்டைவரை இறுக்கிய அப்பாவின் கடிகாரம்.

“நானே திறப்புப் போட்டுத் திறக்கேக்கை மட்டும்தான் துள்ளுது பிள்ளை,” என்றாள் பெர்னடெற்.